நடுவழியில் நீதிபதி மாறினால்

கேள்வி: தந்தையின் சொத்தில் எனக்குச் சேரவேண்டிய பங்கைக் கேட்டு வழக்குப் போட்டேன். நான்கு வருடமாக ஒரே நீதிபதிதான் விசாரித்தார். மூன்று நாள் கூண்டில் நின்று நான் சாட்சி சொன்னதை அவர் கவனமாகக் கேட்டார். இறுதி வாதத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. போன மாதம் திடீரென்று வழக்கு வேறொரு நீதிபதிக்குப் போய்விட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. எதிர்த்தரப்புக்குச் செல்வாக்கு உண்டு, அவர்கள்தான் மாற்றிவிட்டார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எந்த வழக்கு எந்த நீதிபதிக்கு என்று யார் முடிவு செய்கிறார்கள்? பழைய நீதிபதியே தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று நான் கேட்க முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பேசியதை முகம் பார்த்துக் கேட்டவர் ஒருவர், தீர்ப்பு எழுதப்போகிறவர் இன்னொருவர் என்றால் யாருக்கும் மனம் பதறும். உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. எந்த நாட்டு நீதிமன்றம் என்று நீங்கள் எழுதவில்லை. இந்தப் பகுதியைப் படிப்பவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதனால் எங்கும் பொருந்தும் அடிப்படையைச் சொல்கிறேன். உங்களுக்கான விதி எண்ணையும் கெடுவையும் உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நீதிபதி மாறினார் என்பது மட்டும் எதற்கும் சாட்சி ஆகாது. நீதிபதிகளுக்கு இடமாற்றம் வரும், பதவி உயர்வு வரும், ஓய்வு வரும். ஒரே நீதிமன்றத்துக்குள் சிவில் பார்த்தவரைக் கிரிமினலுக்கு மாற்றுவார்கள். புதிதாக ஒரு நீதிமன்றம் திறந்தால், குறிப்பிட்ட வருடம் வரையிலான வழக்குகளைக் கட்டுக் கட்டாக அங்கே அனுப்புவார்கள். இவற்றில் ஏதோ ஒன்றுதான் உங்களுக்கும் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் காரணம் என்ன என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேட்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். எப்படிக் கேட்பது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

வழக்கு தாக்கல் ஆகும்போது நீதிபதியின் பெயரே அடிபடாது. ரெஜிஸ்ட்ரி, அதாவது நீதிமன்றப் பதிவகம், மனுவைச் சரிபார்க்கிறது. குறை இருந்தால் திருப்புகிறது, சரியாக இருந்தால் எண் கொடுக்கிறது. எந்த நீதிமன்றம் என்பதைச் சட்டமே சொல்லிவிடும். சொத்து எங்கே இருக்கிறது, மதிப்பு என்ன, சிவிலா கிரிமினலா என்பதை வைத்து அது முடிவாகிறது. ஆனால் அதே நீதிமன்றத்தில் ஒரே அதிகாரம் உள்ள பத்து நீதிபதிகள் இருந்தால், அந்தப் பத்தில் யார் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. வழக்கு ஒதுக்கீடு என்று நாங்கள் சொல்வது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இந்தச் சிக்கலே இல்லை, ஒன்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிறார்கள். நீதிபதிகள் அமர்வுகளாகவோ தனித்தனியாகவோ பிரிந்து உட்காரும் இடங்களில்தான் யாரிடம் போகிறது என்ற கேள்வி எழுகிறது.

இந்தியாவின் உச்ச, உயர் நீதிமன்றங்களில் அந்த அதிகாரம் தலைமை நீதிபதியிடம் இருக்கிறது. எந்த அமர்வில் யார் உட்காருவது, எந்த வகை வழக்கை யார் கேட்பது என்ற பட்டியலுக்கு ரோஸ்டர் என்று பெயர். அதைத் தயாரிப்பது அவர்தான். ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் எழுந்த ஒரு பிரச்சினையில், 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. தலைமை நீதிபதி ஒதுக்காத வழக்கை வேறு எந்த நீதிபதியும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அதன்பின் 2018 ஜனவரி 12 அன்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் செல்லமேஸ்வர், ரஞ்சன் கோகோய், மதன் லோகுர், குரியன் ஜோசப் ஆகிய நால்வரும் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். நாட்டைப் பாதிக்கும் வழக்குகள் தகுந்த காரணமில்லாமல் சில அமர்வுகளுக்குத் தேர்ந்தெடுத்து ஒதுக்கப்படுகின்றன என்பது அவர்கள் வெளியிட்ட கடிதத்தில் இருந்த முக்கியக் குறை. அடுத்த மாதமே, எந்த நீதிபதியிடம் எந்த வகை வழக்கு என்ற ரோஸ்டர் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வெளியானது. ஒதுக்கும் அதிகாரத்தைத் தலைமை நீதிபதியோடு மூத்த நீதிபதிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டு வந்த வழக்கை, அதே வருடம் ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதிகாரம் தலைமை நீதிபதிக்கு மட்டுமே என்று தீர்ப்பாயிற்று.

அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் ரோஸ்டர் வெளியானது பெரிய முன்னேற்றம் என்றே நினைக்கிறேன். யார் ஒதுக்குகிறார் என்பதைவிட, ஒதுக்கும் விதி உங்கள் வழக்கு வருவதற்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம். விதி முன்னால், வழக்கு பின்னால் என்று இருந்தால், விதி எழுதியவருக்கு உங்கள் பெயரே தெரிந்திருக்காது. வழக்கு வந்தபின் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு இது யாரிடம் போகலாம் என்று யோசிக்கிறார் என்றால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தோற்றவர் மனதில் சந்தேகம் தங்கிவிடும்.

இதில் ஜெர்மனியின் முறைதான் மிகக் கண்டிப்பானது. 1949-ல் வந்த அவர்களுடைய அரசியல் சாசனத்தின் 101-ஆம் பிரிவு, சட்டம் நிர்ணயித்த நீதிபதியிடமிருந்து யாரையும் விலக்கக் கூடாது என்கிறது. தனக்கு வேண்டியபடி தீர்ப்பு வாங்கச் சிறப்பு நீதிமன்றங்களை அமைத்த நாஜி ஆட்சியைப் பார்த்தவர்கள் எழுதிய சாசனம் அது. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் தலைவரும் நீதிபதிகள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும் சேர்ந்த குழு ஒன்று இருக்கிறது. வருடம் தொடங்கும் முன்பே அந்தக் குழு பணிப் பங்கீட்டை எழுதி முடிக்க வேண்டும். பல இடங்களில் பிரதிவாதியின் குடும்பப் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதைப் பார்த்தே வழக்கு இன்ன நீதிபதிக்கு என்று போய்விடும். இல்லையென்றால் வந்த வரிசைப்படி போகும். யார் வேண்டுமானாலும் அந்தத் திட்டத்தைப் பார்க்கலாம். வருடத்தின் நடுவில் அதை மாற்றலாம், ஆனால் சில காரணங்களுக்கு மட்டும்தான். ஒரு நீதிபதிக்குச் சுமை கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது, ஒருவர் மாறிவிட்டார், ஒருவரால் நீண்ட காலம் வர முடியவில்லை என்பவை அந்தக் காரணங்கள். இந்த வழக்கு சிக்கலானது, அதனால் அனுபவசாலியிடம் கொடுப்போம் என்று நல்ல எண்ணத்தோடுகூட ஒரு வழக்கை மட்டும் பிரித்து எடுத்துக் கையில் கொடுக்க முடியாது.

அமெரிக்காவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களில் பெரும்பாலும் குலுக்கல்தான். இன்று கணினி செய்யும் அந்த வேலையை, ஒரு காலத்தில் பெயர்ச்சீட்டுகளைப் போட்டுச் சுற்றும் சக்கரம் செய்தது. அதனால் இன்றும் அங்கே அதைச் சக்கரம் என்றே சொல்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நீதிமன்றங்களும் குலுக்கல் முறையைப் பின்பற்றுகின்றன. பிரேசிலில் 2017 ஜனவரியில், நாட்டையே உலுக்கிய ஊழல் வழக்குகளை உச்ச நீதிமன்றத்தில் கவனித்துவந்த நீதிபதி டியோரி சவாஸ்கி விமான விபத்தில் இறந்தார். அந்த இடத்துக்கு யார் என்று நாடு முழுவதும் பதற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 2 அன்று மின்னணுக் குலுக்கலில் எட்சன் ஃபாஷின் பெயர் வந்தது, வழக்குகள் அவரிடம் போயின. யாரை யார் நியமித்தார் என்ற சண்டை அதோடு அடங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு முடிவுக்குப் பின்னால் யாருடைய கையும் இல்லை என்று காட்ட முடிந்தது.

குலுக்கல் என்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டிக்குள் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ என்ற நகரப் பிரிவில் ஒரே ஒரு கூட்டாட்சி நீதிபதிதான் இருந்தார். அங்கே வழக்குப் போட்டால் அவரிடம்தான் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். காப்புரிமை வழக்குப் போடுகிறவர்கள் அங்கேயே குவிந்தார்கள். 2021 வாக்கில் நாடு முழுவதும் தாக்கலான காப்புரிமை வழக்குகளில் ஏறத்தாழ கால்பங்கு அந்த ஒரு நீதிபதியின் மேசைக்கு வந்தது. 2022 ஜூலையில் அந்த மாவட்டத்தின் தலைமை நீதிபதி தலையிட்டு, அங்கே தாக்கலாகும் புதிய காப்புரிமை வழக்குகளை 12 நீதிபதிகளுக்குள் குலுக்கிப் போட உத்தரவிட்டார். பின்னர் 2024 மார்ச்சில், அரசின் கொள்கையை நாடு முழுவதுக்கோ மாநிலம் முழுவதுக்கோ நிறுத்தக் கேட்கும் வழக்குகளை மாவட்டத்தின் எல்லா நீதிபதிகளுக்குள்ளும் குலுக்க வேண்டும் என்று, கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுக்கும் நீதிபதிகள் அமைப்பான அமெரிக்க நீதித்துறை மாநாடு ஒரு கொள்கையை வெளியிட்டது. அது அறிவுரைதான், ஒவ்வொரு நீதிமன்றமும் தானாக ஏற்றால்தான் உண்டு.

போலந்தில் வேறு மாதிரி சிக்கல். 2018 முதல் அங்கே கணினிக் குலுக்கல் வந்தது. ஆனால் அந்தக் கணினி எந்த முறையில் பெயரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை அமைச்சகம் வெளியிடவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவே ஒரு குடிமக்கள் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பூட்டிய அறைக்குள் நடக்கும் குலுக்கலை நம்பு என்று ஒருவரிடம் சொல்வதில் என்ன பயன்?

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒதுக்குவதைவிட, ஒதுக்கிய வழக்கை நடுவில் எடுப்பதுதான் அதிகக் கவனம் வேண்டிய இடம். அந்தக் கட்டத்தில் வழக்கின் போக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நீதிபதி யார் பக்கம் சாய்கிறார் என்று இரு தரப்பும் ஊகித்து வைத்திருக்கும். ஸ்லோவாக்கியாவில் ஒரு நிறுவனத்தின் வழக்கில், நீதிமன்றத்தின் தலைவரே பணிப் பங்கீட்டைத் திருத்தி வழக்கைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு, அதே நாளில் முடிவும் சொல்லிவிட்டார். அந்த நிறுவனத்துக்கு அதை எதிர்த்துச் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. 2010-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சட்டப்படி அமைந்த நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்ற உரிமை இங்கே மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. தலைவர் கெட்ட எண்ணத்தோடு செய்தாரா என்று அங்கே யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு வழக்கு, தெளிவான விதி இல்லாமல், எதிர்க்க வாய்ப்புத் தராமல் நகர்ந்தது என்பதே போதுமானதாக இருந்தது.

ஆகவே உங்கள் வழக்கில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: உங்கள் வழக்கு மட்டும் போனதா, அல்லது அதோடு சேர்ந்து நூறு வழக்குகள் போயினவா? நூறோடு நூற்றொன்றாகப் போயிருந்தால் நிம்மதியாக இருங்கள். உங்கள் எதிர்த்தரப்புக்காக யாரும் நூறு குடும்பங்களின் வழக்குகளை நகர்த்தமாட்டார்கள். தனியாகப் போயிருந்தால், அப்போதும் பயப்படாமல், எந்த உத்தரவின்படி என்று கேளுங்கள். தனியாக நகர்த்துவதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. அதே சொத்தைப் பற்றி வேறொரு வழக்கு இன்னொரு நீதிபதியிடம் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள். பழைய நீதிபதிக்கு ஒரு தரப்பினரையோ வழக்கறிஞரையோ நெருக்கமாகத் தெரியும் என்று பின்னால் தெரியவந்து, அவரே விலகிக்கொண்டிருக்கவும் கூடும். அப்படி விலகுகிறவர்கள் பல நேரம் காரணத்தை விரிவாக எழுதுவதில்லை. எனக்கு இது சரியான பழக்கமாகப் படவில்லை. ஒரு வரி எழுதினால் இரண்டு தரப்பும் தூங்கும்.

பழைய நீதிபதியே தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று கேட்க முடியுமா என்றால், பெரும்பாலான இடங்களில் அது உங்கள் உரிமையாகக் கிடைக்காது. நீதிபதி யார் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எந்தத் தரப்புக்கும் இல்லை. இந்தக் கதவு உங்களுக்குத் திறந்தால் எதிர்த்தரப்புக்கும் திறக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆனால் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். அவர் அதே வளாகத்தில், அதே அதிகாரத்தோடு இருக்கிறார், வாதமும் பாதி நடந்திருக்கிறது என்றால், பார்ட் ஹெர்ட், அதாவது பாதி கேட்கப்பட்ட வழக்கு என்று சொல்லி அவரிடமே விடும்படி கேட்பதுண்டு. உங்கள் வழக்கில் வாதம் தொடங்கவில்லை, ஆகவே இந்தக் கோரிக்கை சற்றுப் பலவீனமானது. அவர் ஓய்வு பெற்றிருந்தாலோ வேறு ஊருக்குப் போயிருந்தாலோ இதைப் பேசுவதில் பயனில்லை.

அப்படியானால் நான் சொன்ன சாட்சி என்ன ஆகும் என்ற கவலை உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. அது எங்கும் போகாது. இந்திய சிவில் சட்டத்தில் முந்தைய நீதிபதி பதிவுசெய்த சாட்சியத்தை, பின்னால் வந்தவர் தானே பதிவுசெய்ததுபோல் எடுத்துக்கொண்டு அந்தக் கட்டத்திலிருந்து தொடரலாம். அமெரிக்காவில் புதிதாக வருபவர் வழக்கின் பதிவுகளை முழுமையாகப் படித்துத் தெரிந்துகொண்டதாக உறுதி சொன்ன பிறகே தொடரலாம். ஜூரி இல்லாமல் நடக்கும் விசாரணையில், முக்கியமான ஒரு சாட்சியின் பேச்சில் சர்ச்சை இருந்தால், அவரை மறுபடி அழைக்கும்படி தரப்பினர் கேட்கவும் வழி இருக்கிறது. ஜெர்மனியில் கிரிமினல் விசாரணை என்றால் கதையே வேறு. தீர்ப்பு சொல்கிற நீதிபதிகள் முதல் நாளிலிருந்து இருந்தாக வேண்டும். அதனால் நீண்ட வழக்குகளில் கூடுதல் நீதிபதி ஒருவர் தொடக்கத்திலிருந்தே உடன் உட்கார்ந்து கேட்கிறார். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், எல்லாவற்றையும் கேட்ட இவர் அந்த இடத்துக்கு வருவார்.

உங்கள் சாட்சியத்தில் பேச்சின் தொனியும் முகமும் முக்கியம் என்று நினைத்தால், எடுத்துக்காட்டாகத் தந்தை உங்களிடம் வாய்மொழியாகச் சொன்னது எதையாவது நம்பித்தான் வழக்கு நிற்கிறது என்றால், மறுபடி அழைக்கச் சொல்லிக் கேட்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஆனால் மறுபடி கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பும் மறுபடி குறுக்கு விசாரணை செய்யும். முதல் தடவை நன்றாகச் சொல்லியிருந்தால் அதை அப்படியே விடுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

புதிய நீதிபதி வேண்டாம் என்று மனுப் போடலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் உறவினர்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பக்கச்சார்பு என்பதற்குப் பிடித்துக் காட்டக்கூடிய ஏதாவது இருக்க வேண்டும். 1998 நவம்பரில் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசெட் வழக்கில் அப்போது இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அவருக்கு எதிராக மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தது. அம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு அந்த வழக்கில் சேர்ந்து வாதாடியிருந்தது. பெரும்பான்மையில் இருந்த ஹாஃப்மன் பிரபு, அந்த அமைப்போடு இணைந்த ஓர் அறக்கட்டளையின் இயக்குநர் என்பது பின்னர்தான் பேசப்பட்டது. அவர் மனதளவில் நேர்மையாக இருந்தாரா என்று ஆராயாமலேயே டிசம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். ஏழு பேர் கொண்ட வேறு அமர்வு மறுபடி முழுவதும் கேட்டது. அங்கே காட்டுவதற்கு ஒரு பதவி, ஒரு தொடர்பு இருந்தது. உங்களிடம் இருப்பது இப்போதைக்கு உறவினர்களின் பேச்சு மட்டும்தான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், கட்சிக்காரர் ஒருவர் கேள்விப்பட்டதாகச் சொன்னதை நம்பி, நீதிபதியை மாற்றக் கோரி ஒரு மனுவை எழுதிக் கொடுத்தேன். நீதிபதியும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் ஒரே விழாவில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அதில் இருந்த ஒரே ஆதாரம். மனு தள்ளுபடியானது. அதைவிட மோசம், ஐந்து மாதம் வழக்கு நின்றுபோனது. அந்த ஐந்து மாதத்தில் எங்கள் தரப்பின் வயதான சாட்சி படுத்த படுக்கையாகிவிட்டார், அவரைக் கூண்டில் ஏற்றவே முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த தவறு அது, இன்றும் மறக்கவில்லை. அதன்பிறகு, பெயர், தேதி, தாள் மூன்றும் இல்லாமல் நீதிபதிக்கு எதிராக ஒரு வரியும் எழுதுவதில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். தாள் கையில் இருக்கிறது என்றால் காலம் கடத்தக் கூடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புதிய நீதிபதிக்கு நெருங்கிய உறவு என்று உங்களுக்கு இன்று தெரிகிறது, ஆனால் தீர்ப்பு எப்படி வருகிறது பார்க்கலாம் என்று காத்திருந்து, தோற்றபின் சொன்னால் பல நீதிமன்றங்கள் கேட்காது. தெரிந்தே பேசாமல் இருந்தீர்கள், ஆகவே ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்பார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வழக்கறிஞரிடம் சொல்லி வழக்கின் நாட்குறிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்ன நடந்தது என்ற பதிவு அதில் இருக்கும். மாற்றம் நடந்த நாளில் எந்த உத்தரவின் எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதில் உங்கள் வழக்கு எண் மட்டும் இருக்கிறதா, பட்டியலாக இருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நீதிமன்றத்தின் ரோஸ்டரோ பணிப் பங்கீட்டு அறிவிப்போ வெளியாகியிருந்தால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உத்தரவே இல்லை, காரணமும் இல்லை என்றால், தலைமைப் பொறுப்பில் இருக்கும் நீதிபதிக்கு மரியாதையான மொழியில் ஒரு மனு. யார் மீதும் பழி வேண்டாம். இன்ன தேதியில் வழக்கு மாறியது, காரணம் தெரிவிக்க வேண்டும் என்பது போதும். உறவினர்கள் சொன்ன செல்வாக்குக் கதையை அதில் ஓர் எழுத்துக்கூட எழுதாதீர்கள். நீதிமன்ற அவமதிப்பு என்ற வேறொரு வழக்கை நீங்களே வரவழைத்துக்கொண்டதாகிவிடும்.

அப்புறம், இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே புதிய நீதிபதிக்கு உங்கள் வழக்கைப் புரியவைக்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அவர் கையில் நான்கு வருடக் கட்டு இருக்கிறது, உங்களை அவர் பார்த்ததில்லை. எழுத்துமூல வாதம் தாக்கல் செய்ய அனுமதி கேட்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் சாட்சியத்தில் முக்கியமான ஏழெட்டு இடங்களைப் பக்க எண்ணோடு, நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளில் எடுத்து எழுதட்டும். குறுக்கு விசாரணையில் நீங்கள் அசையாமல் நின்ற பதில்கள் எவை என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சாட்சியத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பதில்களை நீங்களே குறித்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். வாத நாளன்று நீதிமன்றத்தில் நேரில் இருங்கள்.